உறுப்பை அளந்தவர் மனிதரையும் அளந்தார்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடிய பிறகு, வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்பது ஒன்றைத்தான்: புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா? அறுவை நன்றாக முடிந்தது என்ற பதில் அவர்களுக்குப் போதுவதில்லை. பொருத்திய சிறுநீரகம் சில நாள்கள் சுணங்கினால் டயாலிசிஸ் இயந்திரம் கைகொடுக்கும். கல்லீரல் சுணங்கினால் அதன் எல்லா வேலைகளையும் ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் இன்றும் இல்லை. ஆகவே, முதல் ஏழு நாள்கள் அந்தக் குடும்பத்துக்கு ஏழு யுகங்கள்.

எந்தக் கல்லீரல் சுணங்கும், எது தேறும் என்பதை முன்கூட்டியே கணிக்க மருத்துவ உலகம் இன்று பெருமுயற்சி எடுக்கிறது. உடலிலிருந்து பிரிந்த உறுப்பு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், இன்னோர் உடலில் ஏன் தோற்கும் என்ற கேள்விகளை நூறாண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் எழுப்பியவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரல். நோபல் பரிசும் உலகப் புகழும் பெற்று, இறுதியில் தன் நாட்டிலேயே தெருப்பலகைகளிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர் அவர். அந்த ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டிய காலம் இது.

பிரான்ஸின் பட்டு நகரமான லியோனை ஒட்டிய சிற்றூரில் 1873 ஜூன் 28 அன்று கேரல் பிறந்தார். தந்தை துணி உற்பத்தியாளர். கேரல் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட, தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். தந்தையின் பெயரான அலெக்சிஸையே மகன் தன் பெயராக்கிக் கொண்டார். லியோனிலேயே மருத்துவம் பயின்றார்.

1894 ஜூன் 24 அன்று அந்நகருக்கு வந்திருந்த பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோவை இத்தாலிய அராஜகவாதி ஒருவன் கத்தியால் குத்தினான். கத்தி கல்லீரலையும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தத்தைக் கொண்டு செல்லும் வாயிற்சிரையையும் கிழித்துவிட்டது. நகரின் தேர்ந்த அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தும், பெருகும் ரத்தத்தை நிறுத்த வழி தெரியாமல் நின்றார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கார்னோ இறந்தார். கிழிந்த பெரிய ரத்தக்குழாயைத் தைக்க அன்று உறுதியான முறை எதுவும் இல்லை.

அப்போது மருத்துவ மாணவராக இருந்த கேரலுக்கு வயது இருபத்தொன்று நிறையச் சில நாள்களே இருந்தன. தோலைத் தைக்க முடியும்போது ரத்தக்குழாயை ஏன் தைக்க முடியாது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அதற்கான பதிலைத் தேடி அவர் பேராசிரியர்களிடம் மட்டும் செல்லவில்லை. பூத்தையலில் பெயர் பெற்றிருந்த லெருதியே அம்மையாரிடம் மாணவராகச் சேர்ந்தார். மிக மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். மருத்துவப் பட்டம் பெறப்போகும் ஒருவர் தையற்கலைஞரின் காலடியில் அமர்ந்த அந்தப் பணிவு, பின்னாளில் அவரிடம் தங்கவில்லை என்பது வேறு கதை.

1902-இல் அவர் வெளியிட்ட முறை, கேட்பதற்கு எளியது. அறுபட்ட குழாயின் இரு முனைகளையும் சம இடைவெளியில் மூன்று இடங்களில் நூலால் பிணைத்து, மூன்று திசைகளில் மெல்ல இழுத்தால், வட்டமான வாய் முக்கோணமாகிவிடும். வளைவைத் தைப்பது கடினம்; நேர்க்கோட்டைத் தைப்பது எளிது. குழாயின் உட்சுவர் வழவழப்பாக ஒன்றோடொன்று பொருந்தினால் அங்கே ரத்தம் உறையாது. உறுப்பு மாற்று சிகிச்சை என்ற மாளிகைக்கு அடிக்கல் இந்த முக்கோணத் தையல்தான்.

ஆயினும், லியோன் நகரம் அவரைக் கொண்டாடவில்லை. அதே 1902-இல், லூர்து திருத்தலத்துக்குச் சென்ற நோயாளிகளுடன் மருத்துவராகப் பயணம் செய்தார் கேரல். காசநோயால் வயிறு வீங்கி, சாகும் நிலையில் இருந்ததாக அவர் கருதிய இளம்பெண் ஒருவர் சில மணி நேரத்தில் தேறியதைக் கண்டதாகச் சொன்னார். நம்பிக்கையாளர்கள் அவரை ஐயவாதி என்றார்கள்; அறிவியலாளர்கள் ஏமாளி என்றார்கள். மருத்துவமனைப் பதவிகளுக்கான வாய்ப்பு மங்கியது. மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் மனத்தில் இருக்க, 1904-இல் கனடாவின் மாண்ட்ரியலுக்குக் கப்பலேறினார்.

பண்ணை அவருக்கு வாய்க்கவில்லை, ஆய்வுக்கூடம் வாய்த்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கத்ரியுடன் இணைந்து, நாய்களின் ரத்தக்குழாய்களையும் சிறுநீரகங்களையும் மாற்றிப் பொருத்தும் சோதனைகளைத் தொடர்ந்து நடத்தினார். இருவரும் சேர்ந்து செய்த பணியின் பெருமை பிற்காலத்தில் ஒருவருக்கே சேர்ந்தது என்ற மனக்குறை கத்ரியின் தரப்பில் நெடுங்காலம் இருந்தது. 1906-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கேரலை அழைத்துக்கொண்டது. அடுத்த முப்பதாண்டுகளுக்கும் மேல் அதுவே அவரது களம். கறுப்பு அங்கி, மங்கிய நிறச் சுவர்கள், கடுமையான தூய்மை என்று அவரது அறுவைக்கூடம் ஒரு மடாலயம்போல இருந்தது.

அங்கேதான் அவரது மிகப் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒரு நாயின் சிறுநீரகத்தை வெளியே எடுத்து, அதே நாய்க்குத் திரும்பப் பொருத்தினால் அது ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது. வேறொரு நாயின் சிறுநீரகத்தை அதே கை, அதே ஊசி, அதே நூலால் பொருத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ அது அழிந்தது. ஆக, தோல்விக்குக் காரணம் தையல் அன்று. தன்னுடையது எது, பிறருடையது எது என்று உடல் அறிந்திருக்கிறது. பிறருடையதை அது ஏற்க மறுக்கிறது. அறுவைக் கலை தன் பங்கை முடித்துவிட்டது, மீதி உயிரியலின் கையில் இருக்கிறது என்று கேரல் கண்டுகொண்டார். அந்த மீதியை அவிழ்க்கப் பிறருக்கு இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

எடுத்த ரத்தக்குழாய்களைக் குளிரில் பல நாள்கள் பாதுகாத்து, பிறகு பொருத்தியும் அவர் வெற்றி கண்டார். இன்று ஆம்புலன்ஸில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் விரையும் ஒவ்வோர் உறுப்புக்கும் அந்தச் சோதனைகளே முன்னோடி. ரத்தக்குழாய்த் தையலுக்கும், ரத்தக்குழாய்கள், உறுப்புகளின் மாற்றுப் பொருத்தத்துக்கும் 1912-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் நடந்த பணிக்குக் கிடைத்த முதல் மருத்துவ நோபல் அது. லியோன் வேண்டாம் என்ற மகன், 39 வயதில் உலகின் உச்சியில் நின்றார்.

அதே 1912 ஜனவரியில் அவர் தொடங்கிய இன்னொரு சோதனை, அவரது புகழைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுசென்றது. கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த சிறு திசுவைச் சத்துநீரில் வளர்த்தார். அந்தத் திசுவளர்ப்பு அவரது ஆயுளையும் கடந்து, 1946 வரை 34 ஆண்டுகள் தொடர்ந்தது. உடலுக்குத்தான் சாவு, உயிரணுவுக்குச் சாவில்லை என்ற கொள்கை பாடநூல்களில் ஏறியது. ஆண்டுதோறும் அந்தத் திசுவின் பிறந்தநாளைச் செய்தித்தாள்கள் நினைவுகூர்ந்தன.

ஆனால், பிறரால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. செய்ய முடியாதவர்கள் தங்கள் கைத்திறனைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள். கேரலின் முடிவை ஐயுறத் துணியவில்லை. 1961-இல் லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும், இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். கேரலின் கூடத்தில் உணவாக ஊட்டப்பட்ட கருச்சாற்றின் வழியே புதிய உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் உள்ளே சென்றிருக்கலாம் என்பது பின்வந்தோர் தந்த விளக்கம். ஒரு மனிதரின் புகழ், ஒரு பிழைக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயுள் தந்துவிட்டது.

முதல் உலகப் போர் வந்தபோது கேரல் பிரான்ஸுக்குத் திரும்பி, கொம்பியேன் நகரில் ராணுவ மருத்துவமனை நடத்தினார். 1913-இல் அவர் மணந்துகொண்ட ஆன் அம்மையார் அங்கே செவிலியராகத் துணைநின்றார். ஆங்கில வேதியியலர் ஹென்றி டாகின் உருவாக்கிய நீர்த்த ஹைப்போகுளோரைட் கரைசலால் ஆழ்ந்த புண்களை இடைவிடாது கழுவும் முறை அங்கே வளர்ந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இல்லாத அக்காலத்தில், சீழ் பிடித்த கைகால்களை வெட்டி எறியும் அவலத்திலிருந்து வீரர்கள் பலரை அது காத்தது.

1930-இல் அவரைத் தேடி வந்தவர் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். 1927-இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து உலக நாயகனானவர். தன் மனைவியின் சகோதரிக்கு இதய வால்வில் கோளாறு. இதயத்தை நிறுத்திவைத்து ஏன் சரிசெய்ய முடியாது என்பது அவர் கேள்வி. கேரலிடம் உயிரியல் இருந்தது. லிண்ட்பெர்க்கிடம் எந்திர அறிவு இருந்தது. 1935-இல் இருவரும் சேர்ந்து, கண்ணாடியாலான ஓர் இறைப்பானை உருவாக்கினார்கள். கிருமி புகாதபடி, நாடித்துடிப்புபோன்ற அழுத்தத்துடன், உயிர்வளி கலந்த சத்துநீரை உறுப்பின் தமனிக்குள் அது செலுத்தியது. உடலிலிருந்து பிரித்த தைராய்டு சுரப்பியும் வேறு உறுப்புகளும் நாள்கணக்கில் அதற்குள் உயிரோடு இருந்தன. 1938-இல் டைம் இதழின் அட்டையில் இருவரும் சேர்ந்து தோன்றினார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால், கேரலின் சிலை இல்லாத மருத்துவக் கல்லூரி இருந்திராது. ஆனால், உறுப்புகளை அளந்து பழகியவர், மனிதர்களையும் அளக்கத் தலைப்பட்டார். மனிதனை அறியப்படாத உயிராகக் காட்டி 1935-இல் அவர் எழுதிய நூல், பல மொழிகளில் பல லட்சம் பிரதிகள் விற்றது. சமூகத்தை ஆளத் தகுதியுள்ள உயர்ந்தோர் சிலர், சுமையாக இருப்போர் பலர் என்ற பார்வை அதில் ஊடாடியது. கொடுங்குற்றம் புரிந்தவர்களையும், குற்றமிழைத்த மனநோயாளிகளையும் நச்சுவாயு கொண்டு வலியின்றி அகற்றலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜெர்மன் பதிப்பில், நாஜி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டும் பகுதியும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்த அரசு, மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளுமாக ஏறத்தாழ 70,000 பேரை வாயுக்கூடங்களில் கொன்றது. கேரலின் நூலால்தான் அது நடந்தது என்று சொல்வது நியாயம் ஆகாது. அந்தச் சிந்தனைக்கு நோபல் பரிசின் மதிப்பை அவர் கடன் கொடுத்தார் என்பதை மறைப்பதும் நியாயம் ஆகாது.

1939-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். நாஜி ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பிரான்ஸில், விஷி அரசின் ஆதரவுடன் 1941-இல் மனிதப் பிரச்னைகள் ஆய்வு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். மக்கள்தொகை, ஊட்டச்சத்து, உழைப்பு ஆகியன பற்றிய பயனுள்ள ஆய்வுகளும் அங்கே நடந்தன. மக்களின் தரத்தை மேம்படுத்துதல் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையும் அங்கே குடிகொண்டிருந்தது. அந்த அறக்கட்டளையின் இடத்தில் 1945-இல் பிரான்ஸின் தேசிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் உருவானது. அதன் முதல் இயக்குநர் ஆல்பிரட் சோவி, மூன்றாம் உலகம் என்ற சொல்லைப் பிற்பாடு நமக்குத் தந்த அறிஞர்.

பாரிஸ் விடுதலையடைந்ததும் கேரல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். எதிரிக்கு ஒத்துழைத்தவர் என்ற குற்றச்சாட்டு சூழ்ந்தது. விசாரணை நடப்பதற்கு முன்பே, 1944 நவம்பர் 5 அன்று இதய நோயால் இறந்தார். பிரான்ஸின் வடமேற்குக் கரையோரம், தனக்குச் சொந்தமான சிறு தீவில் அடக்கம் செய்யப்பட்டார். 1990-களில் பிரெஞ்சு நகரங்கள் பலவற்றில் அவர் பெயர் தாங்கிய தெருக்கள் பெயர் மாற்றப்பட்டன. லியோனில் அவர் பெயரால் அமைந்த மருத்துவப் புலமும் 1996-இல் வேறு பெயர் பெற்றது.

அவர் விட்டுச்சென்ற கேள்விகள் மட்டும் சாகவில்லை. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே ஒத்த இரட்டையருக்கிடையே சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தி வென்றார். ஒத்த இரட்டையர் என்பதால் உடல் அதைப் பிறருடையதாகக் கருதவில்லை. கேரலின் நாய் சொன்ன பாடம் மனிதரில் மெய்யானது. 1963-இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தபோது, அந்தச் சிறுவன் அறுவை மேசையிலேயே ரத்தப்போக்கால் இறந்தான். 1967-இல்தான் நீண்ட நாள் உயிர்வாழ்ந்த நோயாளியைக் கல்லீரல் மாற்று சிகிச்சை கண்டது. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்தும், விஸ்கான்சினில் ஃபோல்கர்ட் பெல்சர் குழு உருவாக்கிய பாதுகாப்புக் கரைசலும் வந்தபின் அது வழக்கமான சிகிச்சை ஆனது.

அதன்பின் எஞ்சியிருப்பது, தொடக்கத்தில் சொன்ன ஏழு நாள் கேள்வி. 2010-இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஓர் இலக்கணம் உண்டு. ஏழாம் நாளில் ரத்தத்தில் பிலிருபின் அளவு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் எண் 1.6 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது முதல் வாரத்தில் கல்லீரல் நொதிகள் 2,000 அலகைத் தாண்டினால், அது தொடக்கநிலைச் செயல்குறை. 300 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இக்குறை இருந்தது. குறை இருந்தோரில் நூற்றுக்கு 19 பேர் இறந்தனர். இல்லாதோரில் நூற்றுக்கு இருவர்.

ஆனால், ஏழாம் நாள் தெரிந்துகொள்வது நோயறிதல், கணிப்பு ஆகாது. ஆகவே, முதல் மூன்று நாள்களின் ரத்தப் பரிசோதனையிலிருந்தே கணக்கிடும் முறைகள் வந்தன. அதற்கும் முன்னதாக, கொடையாளரின் வயது, கல்லீரலில் படிந்த கொழுப்பு, குளிரில் இருந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். இப்போது, பொருத்துவதற்கு முன்பே கல்லீரலை இயந்திரத்தில் வைத்து, உடல் வெப்பத்தில் ரத்தம் பாய்ச்சி, அது லாக்டேட்டைக் கரைக்கிறதா, பித்தநீர் சுரக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேரலும் லிண்ட்பெர்க்கும் கண்ட கனவுதான் அது. இங்கிலாந்தின் பர்மிங்காம் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா மையங்களும் வேண்டாமென்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை இவ்வாறு சோதித்து, 22-ஐப் பொருத்தினார்கள். மூன்று மாத முடிவில் 22 பேரும் உயிரோடு இருந்தனர். அவர்களில் நால்வருக்குப் பித்தக்குழாய்க் கோளாறால் பின்னர் மறுமாற்று தேவைப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எந்தக் கணிப்பிலும் தவறு இரு வகை. கெட்ட கல்லீரலை நல்லதென்று பொருத்துவது ஒன்று. நல்ல கல்லீரலைக் கெட்டதென்று ஒதுக்குவது மற்றொன்று. முதல் தவறுக்குப் பெயரும் முகமும் உண்டு. அது மருத்துவமனையின் கணக்கில் ஏறும், குடும்பம் கேள்வி கேட்கும். இரண்டாவது தவறுக்கு முகமே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருவர் தன் வீட்டிலோ ஏதோவொரு வார்டிலோ இறந்துபோவார்; அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கல்லீரல் ஒதுக்கப்பட்டது என்பது அவர் குடும்பத்துக்குத் தெரியவே வராது. நல்ல கணிப்பின் பயன், இந்த முகமற்றவர்களைக் காப்பதில்தான் இருக்கிறது. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளித்துவரும் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. 2002-இல் அமெரிக்காவில் கல்லீரல் பங்கீட்டுக்கு ஒரு மதிப்பெண் முறை வந்தது. தொடக்கத்தில் மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளைக்கொண்டு, யாருக்கு மரணம் மிக அருகில் இருக்கிறது என்று அது கணக்கிட்டது. நோயாளி அறிஞரா, கூலித் தொழிலாளியா, சிறை சென்றவரா என்று அது கேட்பதில்லை. தேவையை அளக்கிறது, தகுதியை அளப்பதில்லை. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன், சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரத்தில் யாருக்கு இடம் என்று முடிவு செய்யக் குடிமக்கள் எழுவர் குழு அமர்ந்து, நோயாளியின் வேலை, குடும்பம், சமூகப் பயன் எல்லாவற்றையும் எடைபோட்டது. மனிதரை மனிதர் எடைபோடும் அந்தத் தராசு பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

கேரலின் வாழ்வு நமக்குக் காட்டும் எல்லைக்கோடு இதுதான். உறுப்பு ஒன்று தேறுமா, தேறாதா என்று எண்களால் கணிப்பது அறிவியலின் கடமை. மனிதர் ஒருவர் வாழத் தகுந்தவரா என்று எண்களால் கணிப்பது அறிவியலின் வேடமிட்ட ஆணவம். இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே மூளையில், ஒரே நம்பிக்கையோடு இருந்தன. இனி நோயாளியின் முழு வரலாற்றையும் விழுங்கி மதிப்பெண் தரப்போகும் கணினிகளும் மருத்துவமனைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அவை எதை அளக்கின்றன, எதை அளக்கக் கூடாது என்பதை வகுக்க வேண்டியவர்கள் நாம்.

பூத்தையல் கற்ற கையை நன்றியோடு நினைவில் வைப்போம். இன்று உலகில் உறுப்பு மாற்றுப் பெற்றுப் பிழைத்த ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் அந்தக் கையின் நுட்பம் இருக்கிறது. சுமை என்று அவர் ஒதுக்கத் துணிந்த மனிதர்களும் அதே நுட்பத்தால் இன்று பிழைக்கிறார்கள். அவரது பிழைக்குக் காலம் எழுதிய திருத்தம் அது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).